தேசத்தைக் கட்டியெழுப்பும் ஆசிரியர்கள்: ஆபிரிக்க அனுபவங்கள் சொல்லும் பாடங்கள்

ஆபிரிக்க ஒன்றியம் 2024ஆம் ஆண்டைக் கல்விக்கான ஆண்டாகப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டில் யுனெஸ்கோ வெளியிட்ட ஆசிரியர்கள் பற்றிய உலக அறிக்கை, 2030ஆம் ஆண்டுக்குள் உலகுக்கு மேலும் 44 மில்லியன் ஆசிரியர்கள் தேவை எனக் கணக்கிட்டது. அதில் 15 மில்லியன் பேர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளுக்கு மட்டும் தேவைப்படுகின்றனர். அந்நாடுகளில் பாடசாலை செல்லாத பிள்ளைகள், இளைஞர்களின் தொகை ஏறத்தாழ 98 மில்லியன் என்பதும் யுனெஸ்கோவின் மதிப்பீடுதான்.

இந்தப் பின்னணியில் கண்டத்தின் தலைவர்களும் கல்வி அமைச்சர்களும் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு கோஷம் திரும்பத் திரும்ப எழுகின்றது. சமூக மேம்பாட்டுக்காகவும் தேசிய ஒருமைப்பாட்டுக்காகவும் ஆசிரியர்களை அணிதிரட்ட வேண்டும் என்பதே அது. கேட்பதற்கு இனிமையான கோஷம்தான். ஆனால் இது புதிதல்ல. சுதந்திரம் கிடைத்த நாள் முதல் ஆபிரிக்க அரசுகள் பல இதனைச் செய்து பார்த்திருக்கின்றன. சில இடங்களில் அது ஒரு தேசத்தையே உருவாக்கியது. சில இடங்களில் அதே ஆசிரியர் நியமனமே நாடு இரண்டாகப் பிளப்பதற்குத் தீப்பொறியாக அமைந்தது. ஆகவே கோஷத்தைத் திரும்பச் சொல்வதற்கு முன்னர், எங்கே எது நடந்தது, ஏன் நடந்தது என்பதை நிதானமாகப் பார்ப்பது அவசியமாகின்றது.

முஅல்லிம் என்ற சொல் ஒரு நாட்டின் தந்தைக்குப் பெயரானது

நமது மத்ரஸாக்களில் ஆசிரியரை நாம் முஅல்லிம் என்கிறோம். அந்த அரபுச் சொல் இந்து சமுத்திரத்தைக் கடந்து கிழக்காபிரிக்கக் கரையில் சுவாஹிலி மொழிக்குள் நுழைந்து 'ம்வாலிமு' ஆனது. தன்சானியாவில் இன்றும் 'ம்வாலிமு' என்று மட்டும் சொன்னால் அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். அவர் அந்நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே.

நைரேரே கத்தோலிக்கர், பயிற்றப்பட்ட ஆசிரியர். மக்கரேரேயிலும் எடின்பரோவிலும் கற்றவர். தாருஸ்ஸலாம் அருகேயுள்ள பூகு பாடசாலையில் கற்பித்துக்கொண்டிருந்தவர், அரசியலா ஆசிரியப் பணியா என்ற நிலை வந்தபோது 1955இல் பணியை விட்டார். ஆனால் மக்கள் கொடுத்த ஆசிரியர் என்ற பட்டத்தை விடவில்லை. 24 ஆண்டுகள் நாட்டை வழிநடத்திய பின்னர் 1985இல் அவர் பதவியிலிருந்து விலகியபோது, அவரது இடத்துக்கு வந்த முஸ்லிமான அலி ஹஸன் ம்வின்யியும் ஸன்ஸிபாரில் ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது.

தன்சானியாவில் 120க்கும் அதிகமான இனக்குழுக்கள் உள்ளன. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் பெருந்தொகையாக வாழ்கின்றனர். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 26இல் தங்கனிக்காவும் ஸன்ஸிபாரும் இணைந்து உருவான நாடு அது. இப்படிப்பட்ட நாட்டை ஒன்றாக வைத்திருக்க இராணுவத்தைவிட ஆசிரியரே அதிகம் தேவை என நைரேரே கருதினார். 1967இல் அருஷா பிரகடனத்தைத் தொடர்ந்து 'சுயசார்புக்கான கல்வி' என்ற கொள்கை ஆவணத்தை அவர் வெளியிட்டார். பாடசாலை, கிராமத்திலிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுத்து நகரத்துக் காரியாலயங்களுக்கு அனுப்பும் இடமாக இருக்கக் கூடாது. கிராமத்தோடு சேர்ந்து உழைக்கும் இடமாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அதனை நடைமுறைப்படுத்திய விதம்தான் நமது கவனத்துக்குரியது. ஆரம்பப் பாடசாலைகள் அனைத்திலும் சுவாஹிலி போதனா மொழியானது. சுவாஹிலி பெரிய இனக்குழு எதனுக்கும் சொந்தமான மொழியல்ல. கரையோர முஸ்லிம் வர்த்தகர்களும் உலமாக்களும் மாலுமிகளும் வளர்த்தெடுத்த பொது மொழி அது. எனவே யாரும் தம்மீது இன்னொருவரின் மொழி திணிக்கப்பட்டதாக உணரவில்லை. ஆசிரியர்கள் தமது பிறந்த ஊருக்கு வெளியே, வேறு இனக்குழுக்கள் வாழும் பிரதேசங்களுக்கு நியமிக்கப்பட்டனர். உயர்தரப் பாடசாலை மாணவர்கள் தமது பிரதேசத்துக்கு வெளியே விடுதிகளில் தங்கிக் கற்றனர். ஊரில் ஆசிரியர் பகலில் பிள்ளைகளுக்கும் மாலையில் பெற்றோருக்கும் கற்பித்தார். 1970ஆம் ஆண்டு முதியோர் கல்வி ஆண்டாக அறிவிக்கப்பட்டது. 1967இல் மூன்றில் ஒரு பங்காக மட்டுமே இருந்த வயதுவந்தோர் எழுத்தறிவு, 1970களின் இறுதியில் 70 வீதத்தைத் தாண்டியது.

இதன் பலன் வெறும் எழுத்தறிவோடு நிற்கவில்லை. பொருளியலாளர் எட்வர்ட் மிகேல் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கென்யாவின் புசியா மாவட்டத்தையும் தன்சானியாவின் மெயாட்டு மாவட்டத்தையும் ஒப்பிட்டார். புவியியலிலும் வரலாற்றிலும் பெரிதும் ஒத்த பகுதிகள் அவை. கென்யப் பகுதியில் எந்த ஊரில் இனக்குழுக்கள் கலந்து வாழ்ந்தனவோ அங்கே பாடசாலைக்கு ஊர்மக்கள் கொடுத்த நிதி குறைவாக இருந்தது. வேறு இனத்துப் பிள்ளையின் மேசைக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்ற மனநிலை அங்கே இருந்தது. தன்சானியப் பகுதியிலோ அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. கலந்து வாழ்ந்த ஊர்களும் தமது பாடசாலையைத் தமதாகவே கருதின. மொழி, பாடவிதானம், நிர்வாகம் ஆகியவற்றில் தன்சானியா கடைப்பிடித்த தேசக் கட்டமைப்புக் கொள்கைகளே இதற்குக் காரணம் என அவர் முடிவு செய்தார். சமூக மேம்பாடும் தேசிய ஒருமைப்பாடும் தனித்தனி விடயங்கள் அல்ல, ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தன்சானியாவின் மறுபக்கம்

எனினும் ஒரு நாட்டின் வெற்றியை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைப்பது நீதியாகாது.

1974ஆம் ஆண்டின் மூசோமா தீர்மானம், அனைவருக்கும் ஆரம்பக் கல்வி என்ற இலக்கை விரைவுபடுத்தியது. அதற்குப் போதிய ஆசிரியர்கள் இருக்கவில்லை. எனவே ஏழாம் வகுப்பை முடித்த இளைஞர்கள் கிராமங்களிலேயே வைத்து, வானொலி, தபால் மூலப் பாடங்கள் ஆகியவற்றின் துணையோடு ஆசிரியர்களாகப் பயிற்றப்பட்டனர். சில ஆண்டுகளுக்குள் 40,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு சேர்க்கப்பட்டனர். வகுப்பறைகள் நிரம்பின. ஆனால் தரம் இறங்கியது. 1980களில் பொருளாதார நெருக்கடி வந்தபோது ஆசிரியரின் வேதனம் குடும்பத்தைக் கொண்டுநடத்தப் போதாமல் போனது. பகலில் கற்பித்தவர் மாலையில் ஊருக்குச் சேவை செய்வதற்குப் பதிலாகத் தோட்டத்திலும் கடையிலும் உழைக்க வேண்டியேற்பட்டது. தியாகத்தை மட்டும் நம்பி நடத்தப்படும் எந்தத் திட்டமும் ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காது.

முஸ்லிம் சமூகத்தின் பார்வையிலும் ஒரு கசப்பு உண்டு. 1968இல் கிழக்காபிரிக்க முஸ்லிம் நலன்புரிச் சங்கம் தடை செய்யப்பட்டது. பாடசாலைகளை நடத்தியதோடு உயர் கல்வி நிறுவனமொன்றையும் கனவு கண்ட அமைப்பு அது. அதன் இடத்தில் பக்வாட்டா என்ற பேரவை அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மிஷனரிப் பாடசாலைகள் உட்படப் பெரும்பாலான பாடசாலைகள் அரசுடைமையாகின. அதனால் முஸ்லிம் பிள்ளைகளுக்கு வாசல்கள் திறந்தன என்பது உண்மை. தமது சொந்த முயற்சி முடக்கப்பட்டது என்ற மனக்குறை இன்றும் பலரிடம் இருப்பதும் உண்மையே. ஒருமைப்பாட்டின் பெயரால் ஒரு சமூகத்தின் சுய முயற்சியைப் பறித்தால், அந்த ஒருமைப்பாட்டின் மீதே சந்தேகம் விழுகின்றது.

மொழி ஒன்று, மார்க்கம் ஒன்று, ஆயினும்...

தன்சானியாவின் வெற்றிக்குப் பொது மொழிதான் முழுக் காரணம் என்று யாரேனும் நினைத்தால், அவர்கள் சோமாலியாவைப் பார்க்க வேண்டும்.

சோமாலியர்கள் ஏறத்தாழ அனைவரும் ஒரே மொழி பேசுபவர்கள். அனைவரும் முஸ்லிம்கள். 1972இல் ஸியாத் பர்ரேயின் அரசு சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்தை உத்தியோகபூர்வமாக ஏற்றுக்கொண்டது. 1974இல் இடைநிலைப் பாடசாலைகளை ஓராண்டு மூடிவிட்டு, சுமார் 25,000 மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடோடி மேய்ப்பர்களிடம் எழுத்தறிவிக்க அனுப்பியது. ஒட்டகக் கூட்டங்களோடு நடந்து, மரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்துக் கற்பித்தார்கள். அதே வேளையில் கொடிய வரட்சி வந்தபோது அவர்களே நிவாரணப் பணியாளர்களாகவும் மாறினார்கள். ஆபிரிக்க வரலாற்றில் ஆசிரியர்களை அணிதிரட்டிய மிகப் பெரிய முயற்சிகளில் அதுவும் ஒன்று.

ஆனால் 1991இல் அந்த நாடு சிதறியது. எழுத்தறிவித்த அதே அரசு, கோத்திரங்களை ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பி ஆட்சியைத் தக்கவைத்தது. வடக்கே ஹர்கைஸா நகரின் மீது தனது விமானங்களையே ஏவிக் குண்டு போட்டது. வகுப்பறையில் ஆசிரியர் சொல்லிக் கொடுத்த ஒற்றுமையை வெளியே ஆட்சியாளர் பொய்யாக்கினார். ஆட்சியில் நீதி இல்லாத இடத்தில் ஆசிரியரின் உழைப்பு மணலில் எழுதிய எழுத்தாகிவிடும் என்பதே சோமாலியா தரும் பாடம்.

ஆசிரியரே பிளவின் கருவியானபோது

ஆசிரியர் என்றால் இயல்பாகவே ஒற்றுமையின் தூதர் என்று எண்ணிவிடவும் முடியாது.

ருவண்டாவில் 1994ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரையான சுமார் நூறு நாட்களில் ஏறத்தாழ 800,000 பேர் கொல்லப்பட்டனர். அதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்பிருந்தே வகுப்பறைகளில் பிள்ளைகள் ஹுட்டு, டுட்ஸி எனப் பிரித்துக் கணக்கெடுக்கப்பட்டனர். ஆசிரியர் கேட்கும்போது டுட்ஸிப் பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். தான் யார் என்று தெரியாத பிள்ளை, பெற்றோரிடம் கேட்டு வரும்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டது. வரலாற்றுப் பாடம் ஒரு பிரிவினரை அந்நியராகச் சித்திரித்தது. இனப்படுகொலையின்போது ஆசிரியர்கள் பலர் கொல்லப்பட்டனர். சிலர் தமது மாணவர்களைக் காப்பாற்றினர். சிலரோ கொலையாளிகளோடு நின்றனர். அதனால்தான் யுத்தத்தின் பின் வந்த அரசு வரலாற்றுப் பாடத்தையே பல ஆண்டுகள் நிறுத்தி வைக்க வேண்டியேற்பட்டது. எதைக் கற்பிப்பது என்று தெரியாத நிலைக்கு ஒரு நாடு வந்தது.

கமரூனில் நடந்தது வேறு வகையானது. அங்கே பிரெஞ்சு, ஆங்கிலம் என இரு மொழிப் பாரம்பரியங்களும் இரு கல்வி முறைகளும் உள்ளன. 1961இல் சமஷ்டியாக இணைந்த நாடு 1972இல் ஒற்றையாட்சியானது. ஆங்கிலம் பேசும் இரு பிராந்தியங்களின் பாடசாலைகளுக்கு, ஆங்கிலத்தில் கற்பிக்க இயலாத பிரெஞ்சு மொழி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். அரசின் வாயில் அதன் பெயரும் தேசிய ஒருமைப்பாடுதான். பிள்ளைகளுக்குப் பாடம் விளங்கவில்லை என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டன. 2016ஆம் ஆண்டு நவம்பர் 21இல் வேலைநிறுத்தம் ஆரம்பமானது. பேசித் தீர்த்திருக்கக்கூடிய பிரச்சினை அது. அரசு கைதுகளால் பதில் சொன்னது. 2017இன் ஆரம்பத்தில் அப்பிராந்தியங்களின் இணையத்தைச் சுமார் மூன்று மாதங்கள் துண்டித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் பிரிவினைப் பிரகடனம் வந்தது. பின்னர் ஆயுதக் குழுக்கள் பாடசாலைப் பகிஷ்கரிப்பைத் திணித்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் கடத்தத் தொடங்கின. 2020 ஒக்டோபர் 24இல் கும்பா நகரில் ஒரு வகுப்பறைக்குள் புகுந்தவர்கள் குறைந்தது ஏழு பிள்ளைகளைச் சுட்டுக் கொன்றனர்.

தன்சானியாவிலும் கமரூனிலும் அரசு செய்தது ஒரே காரியம். ஆசிரியரை வெளியூருக்கு அனுப்பியது. ஒரு நாட்டில் அவர் ஊர் ஏற்றுக்கொண்ட மொழியோடு வந்தார். மற்ற நாட்டில் ஊருக்கு விளங்காத மொழியோடு வந்தார். விளைவுகளில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

நைஜீரியா: சேவைக்கு அனுப்பியவரைக் காப்பது யார்?

பியாஃப்ரா யுத்தம் முடிந்து மூன்றே ஆண்டுகளில், 1973 மே மாதம் நைஜீரியா தேசிய இளைஞர் சேவைத் திட்டத்தை ஆரம்பித்தது. பட்டம் பெறும் இளைஞர்கள் தமது சொந்த மாநிலத்துக்கு வெளியே ஓராண்டு பணியாற்ற வேண்டும். அவர்களில் பெருந்தொகையினர் கிராமப்புறப் பாடசாலைகளில் ஆசிரியர்களாகவே அனுப்பப்படுகின்றனர். தெற்கிலிருந்து வந்த கிறிஸ்தவ இளைஞன் ஹௌஸா கிராமத்தில் கணிதம் படிப்பிக்கிறான். வடக்கிலிருந்து சென்ற முஸ்லிம் யுவதி யொரூபா ஊரில் விஞ்ஞானம் கற்பிக்கிறாள். நண்பர்களும் சில வேளை திருமண உறவுகளும் இதனால் உருவாகியுள்ளன. அரைநூற்றாண்டு கடந்தும் இத்திட்டம் நீடிப்பதே அதன் பெறுமதியைச் சொல்லும். ஆனால் 2011 தேர்தலின்போது தேர்தல் கடமையில் இருந்த இந்த இளைஞர்கள் பௌச்சி மாநிலத்தில் கலவரக்காரர்களால் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை வடக்கே அனுப்ப அஞ்சினர்.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. வடகிழக்கில் போகோ ஹராம் 2009 முதல் பாடசாலைகளையும் ஆசிரியர்களையும் திட்டமிட்டுத் தாக்கியது. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி 600க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் கொல்லப்பட்டு, சுமார் 19,000 பேர் இடம்பெயர்ந்திருந்தனர். 2014 ஏப்ரல் 14இல் சிபோக்கில் 276 மாணவிகள் கடத்தப்பட்டதை உலகமே பேசியது. ஆசிரியர்களின் மரணங்களை அவ்வளவாக யாரும் பேசவில்லை. கொல்லப்பட்ட ஆசிரியர்களில் பெரும் பகுதியினர் அந்த மண்ணின் முஸ்லிம்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு முஅல்லிமைக் கொன்ற கூட்டம் அது. மார்க்கத்துக்கு அதைவிடப் பெரிய அநியாயம் செய்ய இயலாது.

கென்யாவின் வடகிழக்கு: இன்றும் ஆறாத காயம்

இவை அனைத்தும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் கென்யாவின் வடகிழக்கு. மண்டேரா, வஜீர், காரிஸா ஆகிய மாவட்டங்களில் சோமாலி முஸ்லிம்களே பெரும்பான்மையினர். நீண்ட காலம் புறக்கணிக்கப்பட்ட வரண்ட பூமி. நமது வழக்கில் சொன்னால் கஷ்டப் பிரதேசம். அங்குள்ள பாடசாலைகள், குறிப்பாக இடைநிலைப் பாடசாலைகள், நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து வந்த கிறிஸ்தவ ஆசிரியர்களைப் பெரிதும் நம்பியிருந்தன.

2014 நவம்பர் 22இல் மண்டேராவிலிருந்து புறப்பட்ட பஸ் ஒன்றை அல்-ஷபாப் மறித்தது. முஸ்லிம் அல்லாத 28 பேரை வேறாக்கிச் சுட்டது. அவர்களில் பலர் விடுமுறைக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஆசிரியர்கள். அடுத்த தவணைக்குப் பெரும்பாலான வெளியூர் ஆசிரியர்கள் வர மறுத்தனர். 2015 ஏப்ரல் 2இல் காரிஸா பல்கலைக்கழகக் கல்லூரியில் 148 பேர் கொல்லப்பட்டனர். 2020 ஜனவரியில் காரிஸாவின் கமூத்தே பாடசாலையில் மூன்று ஆசிரியர்கள் கொல்லப்பட்டதும், ஆசிரியர் சேவை ஆணைக்குழு வெளியூர் ஆசிரியர்களை அங்கிருந்து பெருமளவில் விலக்கிக்கொண்டது.

தண்டிக்கப்பட்டது யார்? சோமாலி முஸ்லிம் பிள்ளைகள். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் நிலை வந்தது. சில பாடசாலைகள் மூடப்பட்டன. பரீட்சைக்கு அமரும் மாணவன் இரசாயனவியலுக்கு ஆசிரியரையே காணவில்லை. ஆசிரியர் சங்கங்கள் எங்கள் உறுப்பினரின் உயிர் முக்கியம் என்றன. அது நியாயமே. மக்கள் பிரதிநிதிகள் எங்கள் பிள்ளைகளும் கென்யர்களே என்றனர். அதுவும் நியாயமே. உள்ளூர் இளைஞர்களுக்கு அனுமதித் தகுதியைத் தளர்த்தி ஆசிரியராக்குவது ஒரு தீர்வாக முன்வைக்கப்பட்டது. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஒரு பிள்ளை தன் பாடசாலைக் காலம் முழுவதும் தன் இனத்தவரல்லாத ஓர் ஆசிரியரையேனும் காணாமல் வளர்ந்தால், அந்த நாடு அவனுக்கு எப்படி அறிமுகமாகும்? அல்-ஷபாப் விரும்பியதும் அதைத்தானே?

2018 முதல் கென்ய அரசு நாடு முழுவதிலும் ஆசிரியர்களைச் சொந்த மாவட்டங்களுக்கு வெளியே இடமாற்றும் கொள்கையைக் கடுமையாக அமுல்படுத்தியிருந்தது. கணவன் ஓரிடம், மனைவி வேறிடம், பிள்ளைகள் மூன்றாவது இடம் எனக் குடும்பங்கள் சிதறின. எதிர்ப்பு வலுத்து, சில ஆண்டுகளிலேயே அரசு பின்வாங்கியது. நோக்கம் நல்லதாக இருந்தாலும் சம்மதமும் சலுகையும் இல்லாத இடமாற்றம் தண்டனையாகவே உணரப்படும்.

இந்த இருளிலும் ஒரு வெளிச்சம் உண்டு. 2015 டிசம்பர் 21இல் எல் வாக் அருகே மீண்டும் ஒரு பஸ் மறிக்கப்பட்டது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தனித்தனியே நிற்கும்படி உத்தரவிடப்பட்டது. பஸ்ஸிலிருந்த முஸ்லிம் பெண்கள் தம் முக்காடுகளைக் கிறிஸ்தவப் பெண்களுக்குப் போர்த்தினர். கொல்வதானால் எல்லோரையும் கொல்லுங்கள் என்று பயணிகள் பிரிய மறுத்தனர். மறுத்தவர்களில் ஒருவர் மண்டேராவில் பிரதி அதிபராக இருந்த மர்ஹூம் ஸாலா ஃபராஹ். துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்த அவர் அடுத்த மாதம் நைரோபியில் உயிரிழந்தார். கென்ய அரசு அவருக்கு மரணத்தின் பின் தேசிய விருதளித்தது. அந்தச் சம்பவத்தைத் தழுவிய 'வாட்டு வோட்டே' என்ற குறும்படம் ஒஸ்கார் பரிந்துரை வரை சென்றது. தேசிய ஒருமைப்பாடு பற்றி ஓர் ஆசிரியர் தரக்கூடிய மிகப் பெரிய பாடத்தை அவர் கரும்பலகை இல்லாமலேயே தந்துவிட்டார்.

ஊருக்குள்ளிருந்தே எழும் ஆசிரியர்

வெளியூர் ஆசிரியர் தேவை. அதே அளவுக்கு ஊரின் சொந்த ஆசிரியரும் தேவை. இதில் ஆபிரிக்க முஸ்லிம்களிடம் அரசுகளுக்கும் முந்திய ஒரு மரபு இருக்கின்றது.

இன்றைய வட நைஜீரியாவிலிருந்த ஸொக்கோட்டோ கிலாபத்தை நிறுவிய ஷெய்க் உஸ்மான் தன் ஃபோதியோவின் மகள் நானா அஸ்மா (1793-1864) ஒரு பேரறிஞர். அரபு, ஃபுல்ஃபுல்தே, ஹௌஸா ஆகிய மொழிகளில் எழுதியவர். யுத்தத்தால் குலைந்து கிடந்த கிராமப்புறப் பெண்களுக்காக 'யன் தாரு' என்ற ஆசிரியைகள் வலையமைப்பை அவர் உருவாக்கினார். ஒவ்வொரு பகுதிக்கும் 'ஜாஜி' எனப்படும் தலைவி. அடையாளமாக ஒரு வைக்கோல் தொப்பி, அதில் கட்டச் சிவப்புத் துணி. ஜாஜிகள் பெண்களை ஸொக்கோட்டோவுக்கு அழைத்து வருவர். பாடங்களைக் கவிதையாக மனனமிட்டுத் திரும்பி ஊரில் கற்பிப்பர். வென்றவரும் தோற்றவரும் ஒரே சமூகமாக மாறுவதற்கு அந்த ஆசிரியைகள் பாலமானார்கள். இதற்கு அரச சுற்றறிக்கை எதுவும் தேவைப்படவில்லை.

அண்மைக் கால உதாரணம் கென்யாவின் மொம்பாஸாவில் 1980களில் ஆகாகான் மன்றத்தின் ஆதரவோடு ஆரம்பமான மத்ரஸா பாலர் பாடசாலைத் திட்டம். ஸ்வாஃபியா ஸஈத் என்ற முஸ்லிம் ஆசிரியை அதற்கு வித்திட்டார். பிள்ளைகள் ஏற்கெனவே வந்து போகும் மத்ரஸாவையே பாலர் பாடசாலையாக்கி, அதே ஊரின் இளம் பெண்களை ஆசிரியைகளாகப் பயிற்றினர். பராமரிப்பு ஊரின் பொறுப்பு. ஸன்ஸிபாருக்கும் உகண்டாவுக்கும் பரவி 200க்கும் மேற்பட்ட ஊர்களில் அது வேரூன்றியது. முஸ்லிம் அல்லாத அயலவரின் பிள்ளைகளும் அங்கே சேர்ந்தனர்.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. நைஜீரியாவில் ஜனாதிபதி குட்லக் ஜோனதனின் காலத்தில் அல்மாஜிரி பிள்ளைகளுக்கென 100க்கும் மேற்பட்ட மாதிரிப் பாடசாலைகள் கட்டப்பட்டன. குர்ஆனோடு கணிதமும் மொழியும் கற்பிப்பது நோக்கம். கட்டடங்கள் எழுந்தன. ஆனால் பல மாநில அரசுகள் அவற்றைப் பொறுப்பேற்றுப் பராமரிக்கவில்லை. பிள்ளைகள் யாருடைய சொல்லைக் கேட்டு ஊர் விட்டு வந்தார்களோ அந்த மல்லம்களின் அந்தஸ்தும் வருமானமும் தீர்க்கப்படவில்லை. பல கட்டடங்கள் பாழடைந்தன. ஆசிரியரை விட்டுவிட்டுப் பாடசாலையைக் கட்ட முடியாது.

நாம் பெறும் படிப்பினைகள்

இந்த அனுபவங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது ஐந்து விடயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, மொழி. ஆசிரியர் ஊருக்கு விளங்கும் மொழியில் கற்பிக்க வேண்டும். பொது மொழி யாருடைய மேலாதிக்கமாகவும் தோன்றக் கூடாது.

இரண்டாவது, சம்மதத்தோடு கூடிய நியமனம். வெளியூர் சேவை அவசியம். ஆனால் அது காலவரையறை உள்ளதாகவும், விடுதி, கொடுப்பனவு, பதவி உயர்வில் முன்னுரிமை ஆகியவற்றோடு கூடியதாகவும் இருந்தால்தான் நல்லவர்கள் முன்வருவர்.

மூன்றாவது, வேதனமும் கண்ணியமும். நைஜர் போன்ற நாடுகளில் ஆசிரியர்களில் பெரும் பகுதியினர் நிரந்தர நியமனமற்ற ஒப்பந்த ஆசிரியர்கள். மாதக்கணக்கில் சம்பளம் கிடைக்காத ஒருவரிடம் தேசத்தைக் கட்டியெழுப்பு என்று சொல்வது அவரைக் கேலி செய்வதற்குச் சமமாகும்.

நான்காவது, பாடநூல். ருவண்டாவின் அனுபவத்துக்குப் பிறகு எந்த நாடும் வரலாற்றுப் பாடத்தை அலட்சியமாகக் கையாள முடியாது. ஆசிரியர் பயிற்சியில் பன்மைத்துவம் ஒரு பாடமாக இருந்தால் மட்டும் போதாது. தன் வகுப்பில் இருக்கும் சிறுபான்மைப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அந்தப் பாடத்தை நடத்த ஆசிரியருக்குத் தெரிய வேண்டும்.

ஐந்தாவது, பாதுகாப்பு. மேற்கு, மத்திய ஆபிரிக்காவில் மோதல்களால் மூடப்பட்ட பாடசாலைகள் 2024 நடுப்பகுதியில் 14,000ஐத் தாண்டியிருந்தன. பொலிஸும் இராணுவமும் தம் கடமையைச் செய்யட்டும். அதற்கப்பால் ஊருக்கும் ஒரு கடமை இருக்கின்றது. பிள்ளைகளுக்குக் கற்பிக்க வந்தவரின் உயிர் அந்த ஊரின் அமானிதம். அவர் எந்த மதத்தவராக இருந்தாலும் சரியே. மிம்பர்களிலிருந்து இதனைத் தயக்கமின்றிச் சொல்லும் பொறுப்பு ஆபிரிக்க உலமாக்களுக்கு உண்டு. வடகிழக்குக் கென்யாவின் பிள்ளைகளுக்கு மீண்டும் ஆசிரியர் கிடைப்பது நைரோபியின் முடிவில் எவ்வளவு தங்கியிருக்கிறதோ, மண்டேராவின் பள்ளிவாசல்கள் கொடுக்கும் உத்தரவாதத்திலும் அவ்வளவு தங்கியிருக்கின்றது.

15 மில்லியன் ஆசிரியர்களைத் தேடும் கண்டம், எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. அவர்களை எங்கே, எந்த மொழியோடு, எந்தப் புத்தகத்தோடு, எந்தப் பாதுகாப்போடு அனுப்பப் போகிறோம் என்பதையும் இப்போதே தீர்மானிக்க வேண்டும். ஒரு முஅல்லிமை நாட்டின் தந்தையாக ஏற்றுக்கொண்ட கண்டம் அது. அந்த மரியாதையை இன்று மண்டேராவில் தனியே நான்கு வகுப்புகளைச் சமாளித்துக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கும் கொடுக்க முடிந்தால், கோஷம் செயலாகும். இல்லையேல் அடுத்த மாநாட்டிலும் அதே பிரகடனமே வாசிக்கப்படும்.